சிறியன காணும் கண்

நுழையும்முன்

கைப்பேசி உள்ள வீட்டில் ஒளிப்படங்களுக்குக் குறைவில்லை. பிறந்தநாள், திருமணம், சுற்றுலா என ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான படங்கள் சேர்கின்றன. ஆயினும், வீட்டு வாயிலில் நிற்கும் மரம் எந்த வாரத்தில் தளிர்த்தது என்று கேட்டால் பலரும் விடையின்றி நிற்பர். நாள்தோறும் கண்ணில் படுவது கருத்தில் படுவதில்லை. சிறிய பொருளைக் கூர்ந்து பார்த்து, அதனை ஒளிப்படமாக்கி, அதற்குரிய தமிழ்ச்சொல்லால் குறித்து வைக்கும் பழக்கத்தை இப்பாடம் விளக்குகிறது. தில்லியின் இளவேனில் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

எது இளவேனில்?

பண்டைத் தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் இப்பகுப்பை அறிவர்.

தில்லியில் வாழும் தமிழ் மாணவருக்கு இதில் ஓர் ஐயம் எழும். வைகாசி என்பது மே மாத நடுவில் தொடங்கி ஜூன் மாத நடுவில் முடிவது. அக்காலத்தில் தில்லியில் 'லூ' எனப்படும் அனற்காற்று வீசும். நண்பகலில் தெருக்கள் வெறிச்சோடும். அதனை இளவேனில் என்று எவ்வாறு அழைப்பது? பின்பனிக்காலம் என்று நூல் கூறும் மாசி, பங்குனி மாதங்களில்தான் தில்லியின் மரங்கள் பூக்கின்றன. கம்பளி ஆடைகள் பெட்டிக்குள் செல்கின்றன. அப்படியாயின் நூல் கூறுவது தவறா, கண் காண்பது தவறா?

இரண்டும் தவறல்ல. பெரும்பொழுதுகள் தமிழ்நிலத்து வானையும் மண்ணையும் பார்த்து வகுக்கப்பட்டவை. தில்லியோ கடலிலிருந்து நெடுந்தொலைவில், ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியில் அமைந்த நகரம். அங்கே குளிரும் மிகுதி, வெப்பமும் மிகுதி. பிப்ரவரி மாதத்தில் பகல்நேர வெப்பநிலை சராசரியாக ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ். மார்ச் மாதத்தில் அது 30 டிகிரியையும், ஏப்ரல் மாதத்தில் 36 டிகிரியையும் ஒட்டி உயர்கிறது. இரண்டே மாதங்களில் 12 டிகிரி ஏற்றம்! எனவே, குளிருக்கும் கோடைக்கும் இடையே மென்மையான வாரங்கள் சிலவே கிடைக்கின்றன. அச்சில வாரங்களே தில்லியின் இளவேனில்.

அவை வந்ததையும் சென்றதையும் எவ்வாறு அறிவது? நாட்காட்டி அதனைக் கூறாது. மரத்தடியும் மதிற்சுவரும் கூறும்.

சிறியனவே சான்றுகள்

இளவேனில் என்றவுடன் பெரிய பூந்தோட்டங்கள் பலருக்கும் நினைவுக்கு வரும். குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்த உத்யான் தோட்டம் அக்காலத்தில் பொதுமக்களுக்காகத் திறக்கப்படும். மக்கள் வரிசையில் நின்று ட்யூலிப் மலர்களைக் கண்டு, படம் எடுத்துத் திரும்புவர். அத்தோட்டம் காணத் தக்கதே. ஆனால், அங்குள்ள பூக்கள் தோட்டக்காரர் குறித்த நாளில் மலரும்படி வளர்க்கப்பட்டவை. பருவம் தானாக வந்து தொடும் இடங்கள் வேறு. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் நிற்கும் அரசமரம், பள்ளி மதிலோரம் உள்ள முருங்கை, மாடிக்குடியிருப்பின் நுழைவாயிலில் உள்ள வேம்பு ஆகியவை அவ்விடங்கள்.

முருங்கையைப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதன் கிளைகள் வெண்ணிறப் பூங்கொத்துகளால் நிறையும். தேனீக்கள் காலைமுதல் மொய்க்கும். தமிழ்நாட்டில் முருங்கைப்பூவைப் பொரியல் செய்வதுபோல, தில்லியிலும் 'சஹஜன்' பூவைக் காய்கறிக் கடைகளில் விற்பதைக் காணலாம்.

அரசமரத்தைப் பாருங்கள். மார்ச் மாதத்தில் அதன் முதிர்ந்த இலைகள் உதிரும். ஓரிரு வாரங்களில் செம்பு நிறத் தளிர்கள் தோன்றும். கதிரவன் ஒளி பின்னால் இருந்து படும்போது அவை மெல்லிய கண்ணாடிபோல் ஒளிரும். தளிர் ஏன் சிவந்திருக்கிறது? இளந்தளிரில் பச்சையம் இன்னும் நிறையவில்லை. ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி மேலோங்கி நிற்கிறது. பச்சையம் பெருகப் பெருக இலை பசுமையாகிறது. மாமரத்திலும் இந்நிறம் காணப்படுவதால், தமிழில் 'மாந்தளிர் நிறம்' என்றே ஒரு நிறத்துக்குப் பெயர் அமைந்துள்ளது.

இலை உதிர்வது குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்தின் அடையாளம். தில்லியிலோ மரங்கள் பலவும் இளவேனிலில்தான் இலையை உதிர்க்கின்றன. ஒரே வேப்பமரத்தின் அடியில் பழுப்பும் சருகும் குவிந்திருக்க, நுனிக்கிளையில் கொழுந்து விடுவதைக் காணலாம். பழையதும் புதியதும் ஒரே சட்டகத்துள் அடங்கும் காட்சி இது. சிறியன காண விரும்புவோர்க்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

இலவு காத்த கேமரா

தில்லியின் இளவேனிலை முரசறைந்து கூறும் மரம் முள்ளிலவு. இந்தியில் இதனைச் 'சேமல்' என்பர். இளமரத்தின் தண்டில் கூம்பு வடிவ முட்கள் நிறைந்திருக்கும். பிப்ரவரி இறுதியில் இலைகளே இல்லாத கிளைகளில் செந்நிறப் பூக்கள் மலரும். தடித்த ஐந்து இதழ்கள்; நடுவே கற்றையாக மகரந்தத் தாள்கள்; அடியில் தேன். மைனா, காகம், கொண்டைக்குருவி, அணில் ஆகியவை அத்தேனை நாடி வரும். பூ உதிர்ந்து கீழே விழும்போது 'பொத்'தென்ற ஓசை கேட்கும்.

'இலவு காத்த கிளி போல' என்னும் பழமொழி தமிழர் வீடுகளில் வழங்குவது. இலவ மரத்தின் பசுங்காயைக் கண்ட கிளி, அது பழுக்கும் என்று எண்ணிக் காத்திருந்ததாம். காய் முற்றி வெடித்தபோது பஞ்சு பறந்ததே தவிர, பழம் கிடைக்கவில்லை. வீணாகக் காத்திருந்து ஏமாறுவோரை இப்பழமொழி குறிக்கிறது.

பழமொழியைக் கேட்டவர் பலர். அதன் நிகழ்ச்சிகளைக் கண்ணால் கண்டவர் சிலரே. தில்லியில் வாழும் மாணவருக்கு அவ்வாய்ப்பு உண்டு. பிப்ரவரி இறுதியில் பூ, மார்ச் மாதத்தில் உதிர்ந்த பூக்களின் செங்கம்பளம், ஏப்ரல் மாதத்தில் பசுங்காய், மே மாதத்தை ஒட்டி வெடித்த காயும் பறக்கும் பஞ்சும் என ஒரே மரத்தை வாரம் ஒருமுறை படம் எடுத்துவந்தால், பழமொழி முழுவதும் பத்துப் பன்னிரண்டு படங்களில் விரியும். பச்சைக்கிளிகள் தில்லியில் மிகுதி. அவற்றுள் ஒன்று அக்கிளையில் வந்து அமர்தலும் கூடும். கிளி காத்திருந்தது பழத்துக்காக, அதனால் ஏமாந்தது. ஒளிப்படக்காரர் காத்திருப்பது நிகழ்வதைக் காண்பதற்காக. காயும் பஞ்சும் அவருக்குச் சமமான பேறுகளே.

முள்ளிலவின் காலத்திலேயே பூப்பது புரசு. 'பலாசம்' என்றும் இதற்குப் பெயருண்டு. கிளியின் அலகுபோல் வளைந்த செம்மஞ்சள் நிறப் பூக்கள் மார்ச் மாதத்தில் கொத்துக்கொத்தாய் மலரும். வடநாட்டில் இப்பூவிலிருந்து ஹோலிப் பண்டிகைக்குரிய வண்ணநீர் எடுக்கும் வழக்கம் உண்டு. சென்னையின் புரசைவாக்கம் இம்மரத்தால் அப்பெயர் பெற்றது என்பர். ஒரு நகரில் பண்டிகைக்கு வண்ணம் தந்த மரம், மற்றொரு நகரில் ஊருக்குப் பெயர் தந்துள்ளது.

சொல் அறிந்தால் கண் அறியும்

'பூ' என்னும் ஒரு சொல்லை மட்டும் அறிந்தவர் எல்லா நிலைகளையும் 'பூ' என்றே காண்பர். தமிழ்மொழி பூவின் ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பெயர் வைத்துள்ளது.

அரும்பு – பூ தோன்றும் நிலை
போது – பூ விரியத் தொடங்கும் நிலை
மலர் – பூ விரிந்த நிலை
வீ – பூ கீழே விழுந்த நிலை
செம்மல் – பூ வாடிய நிலை

இலைக்கும் அவ்வாறே. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என அதன் வாழ்நாள் முழுவதும் சொற்கள் உண்டு.

இச்சொற்கள் தேர்வுக்காக மட்டும் படிக்கத் தக்கவை அல்ல. 'போது' என்னும் சொல்லை அறிந்த மாணவர், அரும்புக்கும் மலருக்கும் இடையில் ஒரு நிலை உண்டென்று அறிகிறார். அதனைத் தேடிச் செல்கிறார். முருங்கைக் கொத்தில் ஐந்து அரும்பும், இரண்டு போதும், ஒரு மலரும் இருப்பதை எண்ணுகிறார். 'வீ' என்னும் சொல்லை அறிந்தவர் மரத்தைப் பார்த்தபின் தரையையும் பார்க்கிறார். அங்கே முள்ளிலவின் வீ ஒன்றனுள் எறும்புகள் ஊர்வதைக் காண்கிறார். சொல் கண்ணுக்கு வழிகாட்டுகிறது.

தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் மாணவர் சிலர், தமிழ்ச்சொற்கள் ஊரில் உள்ள தென்னைக்கும் மல்லிகைக்குமே உரியவை என்று எண்ணுவதுண்டு. அவ்வாறன்று. தில்லியில் உதிர்ந்த பூவும் வீதான். குவாலியரில் துளிர்த்த இலையும் தளிர்தான். சொல்லை உடன்கொண்டு செல்பவர் எந்நகரிலும் அதனைப் பயன்படுத்தலாம்.

தெரிந்து தெளிவோம்

இந்தியில் வழங்கும் 'சேமல்' என்னும் மரப்பெயர், 'சால்மலி' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. வாடிய பூவைக் குறிக்கும் 'செம்மல்' தமிழ்ச்சொல். ஒலி நெருங்கியிருப்பினும் இரண்டும் வேறு. ஆயினும், சேமல் மரத்தடியில் செம்மல் காணலாம்!

படம் எடுக்கும் முறை

சிறிய பொருளைப் படம் எடுக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வீட்டில் உள்ள கைப்பேசியே போதும். பின்வரும் ஆறும் நினைவில் இருத்தல் வேண்டும்.

1. ஒளி: காலையிலும் மாலையிலும் கதிரவன் ஒளி சாய்ந்து விழும். இலையின் நரம்பும் இதழின் மடிப்பும் அப்போது தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் நிறம் வெளிறும், நிழல் கறுக்கும்.

2. அண்மை: கருவியை மிக நெருக்கமாகக் கொண்டுசென்றால் படம் மங்கும். படம் தெளியும் வரை சற்றே பின்வாங்குக. திரையில் எப்பகுதி தெளிவாக இருக்க வேண்டுமோ, அப்பகுதியை விரலால் தொடுக.

3. பின்புலம்: குப்பைத்தொட்டியும் மின்கம்பியும் பின்னால் தெரிந்தால் பார்வை சிதறும். ஓரடி இடப்புறமோ வலப்புறமோ நகர்ந்தாலே வெற்றுச்சுவரோ வானமோ பின்புலமாக அமையும்.

4. அசைவு: பங்குனிக் காற்றில் கொழுந்து ஓயாது ஆடும். காற்று அடங்கும் நொடிக்காகக் காத்திருத்தல் வேண்டும். முழங்கையை உடலோடு ஒட்டிவைத்தால் கை நடுங்காது.

5. அளவு: பொருள் எவ்வளவு சிறியது என்று படத்தில் தெரியாது. உதிர்ந்த பூவின் அருகில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து ஒரு படம் கூடுதலாக எடுத்தல் நன்று.

6. ஒரே இடம்: மாற்றத்தைக் காட்ட விரும்பினால், ஒவ்வொரு வாரமும் அதே கிளையை அதே இடத்தில் நின்று எடுத்தல் வேண்டும். நிற்கும் இடம் மாறினால், மரம் மாறியதா, பார்வை மாறியதா என்பது விளங்காமற்போகும்.

நெறிகளும் உண்டு. படத்துக்காகப் பூவைப் பறித்தலும் கிளையை ஒடித்தலும் கூடா. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அணுகுதல் கூடாது. தாய்ப்பறவை அஞ்சிக் கூட்டைக் கைவிடலாம். மனிதரைப் படம் எடுக்கும்முன் அவர்தம் இசைவைப் பெறுதல் வேண்டும். சாலையோரத்தில் நிற்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடத்தல் ஆபத்து. கைப்பேசி இல்லாத மாணவர் கோட்டோவியம் வரையலாம்; கூர்ந்து காண்பதற்கு அதுவும் சிறந்த பயிற்சியே.

நாளும் குறிப்பும்

படம் எடுத்ததோடு பணி முடிவதில்லை. குறிப்பில்லாத படம், பெயர் எழுதாத விடைத்தாளைப் போன்றது. இரு மாணவர் ஒரே பூவைப் படம் எடுத்து எழுதிய குறிப்புகளாகப் பின்வருவனவற்றைக் கொள்ளலாம்.

முதற்குறிப்பு: அழகான பூ.

இரண்டாம் குறிப்பு: மார்ச் 3, காலை 7.30. பள்ளி வாயிலின் இடப்புறம். முள்ளிலவின் வீ. இதழ்கள் ஐந்து; ஒன்று கிழிந்துள்ளது. உள்ளே எறும்புகள். மரத்தில் இன்னும் ஓர் இலையும் இல்லை.

முதற்குறிப்பு படத்தில் இல்லாத எதனையும் கூறவில்லை. இரண்டாவது, அடுத்த ஆண்டு மார்ச் 3 அன்று அதே இடத்துக்குச் சென்று ஒப்பிட உதவுகிறது. பூ முன்னரே உதிர்ந்துவிட்டதா, இன்னும் அரும்பாகவே உள்ளதா என்று கூற இயல்கிறது.

இத்தகைய குறிப்புகள் காலம் செல்லச் செல்ல மதிப்பு மிகும். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூத்த நாள்களை 9ஆம் நூற்றாண்டு முதல் நாட்குறிப்புகளிலும் அரசவைப் பதிவுகளிலும் எழுதி வந்துள்ளனர். அவர்கள் அறிவியல் ஆய்வு கருதி எழுதவில்லை. பூவிழா நடந்த நாளைக் குறித்து வைத்தனர். இன்று அறிஞர்கள் அப்பதிவுகளைக் கொண்டு புவி வெப்பமாதலை ஆராய்கின்றனர். 2021ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று அம்மரங்கள் முழுமையாகப் பூத்தன. அதுவரை கிடைத்த 1,200 ஆண்டுப் பதிவுகளில் அவ்வளவு விரைவாக அவை பூத்ததில்லை.

இந்தியாவிலும் 'சீசன்வாட்ச்' என்னும் திட்டம் 2010 முதல் நடைபெறுகிறது. மாணவரும் பொதுமக்களும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் தளிர், பூ, காய் ஆகியவற்றின் நிலையை வாரந்தோறும் பதிவு செய்கின்றனர். ஒரு மாணவரின் ஒரு மரம் சிறியது. ஆயிரம் மாணவரின் ஆயிரம் மரங்கள் சேர்ந்தால் நாட்டின் பருவங்கள் மாறும் விதம் புலப்படும்.

முன்னோடிகள் இருவர்

செருமனி நாட்டின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) பெர்லின் நகரில் கலை பயிற்றிய ஆசிரியர். தாவரங்களின் வடிவை மாணவர் கற்றல் வேண்டும் என்பதற்காக, அரும்பு, சுருள்தளிர், பற்றுக்கம்பி, விதையுறை போன்றவற்றைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்தார். சிலவற்றை முப்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டினார். வழியோரக் களைச்செடியின் தளிர் அவர் படத்தில் கோவில் தூணின் வேலைப்பாடுபோல் தோன்றும். 1928இல் அப்படங்கள் நூலாக வெளிவந்தபோது, வகுப்பறைக்காக எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன.

தமிழரான மா. கிருஷ்ணன் (1912–1996) இயற்கை எழுத்தாளர்; ஒளிப்படக் கலைஞர். 'பத்மாவதி சரித்திரம்' என்னும் புதினத்தை எழுதிய அ. மாதவையாவின் மகன். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான கேமராவைச் சுமந்து காடுகளில் நடந்தார். யானைகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். ஆயினும், காட்டு யானைக்குத் தந்த கருத்தை வீட்டு முற்றத்துக் காகத்துக்கும் அணிலுக்கும் அவர் தந்தார். 'தி ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை, 46 ஆண்டுகள், இயற்கை பற்றிய தொடர்பத்தியை எழுதினார். அதற்குரிய கோட்டோவியங்களையும் தாமே வரைந்தார். தமிழிலும் கட்டுரைகள் எழுதினார். 1960இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்விருவரும் அரிய பொருளைத் தேடி மட்டும் அலைந்தவர் அல்லர். எல்லாரும் கடந்து செல்லும் பொருளின்முன் நின்றவர்கள்.

ஒரு வேப்பம்பூவின் வினா

சித்திரை முதல் நாளில் தமிழர் வீடுகளில் வேப்பம்பூப் பச்சடி செய்வர். தில்லியில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு அப்பூ ஊரிலிருந்து வரும். பாட்டியோ அத்தையோ மாடியில் உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் கட்டி அனுப்புவர். அதே நாளில், அதே தெருவில், தில்லி வேம்பு என்ன செய்துகொண்டிருக்கும்? அரும்பா, போதா, மலரா?

இவ்வினாவுக்கு இப்பாடநூலில் விடை இல்லை. ஆண்டுக்கு ஆண்டு விடை மாறலாம். தெருவுக்குத் தெருவும் மாறலாம். மரத்தடிக்குச் செல்பவரே அதனை அறிவர். வேப்பம்பூ மிகச் சிறியது, வெண்மையான ஐந்து இதழ்களும் நடுவே ஒரு சிறு குழலும் உடையது, தேன்மணம் கமழ்வது. அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. மரத்தடியில் உதிர்ந்த வீ இருக்கிறதா என்று முதலில் தரையைப் பார்த்தல் வேண்டும்.

அன்று காலையில் எடுத்த படத்தை நாள், நேரம், நிலை ஆகியவற்றோடு ஊரில் உள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அனுப்பலாம். அவர்கள் வீட்டு வேம்பின் படத்தை அதே நாளில் கேட்டுப் பெறலாம். இரு படங்களையும் அருகருகே வைத்தால், முன்னர் எழுந்த ஐயம் தெளியும். ஊரில் இளவேனில் எந்நிலையில் உள்ளது, தில்லியில் எந்நிலையில் உள்ளது என்பதை இரு சிறு பூக்கள் காட்டிவிடும். நூல் ஊரின் பருவத்தைக் கற்பிக்கிறது. படம் வாழும் நகரின் பருவத்தைக் கற்பிக்கிறது. இரண்டையும் ஒருசேர அறியும் வாய்ப்பு, ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் கிட்டுகிறது.

சொற்பொருள்

அனற்காற்று – வெப்பம் மிக்க காற்று
முரசறைந்து – எல்லாரும் அறியும்படி
சட்டகம் – படத்தின் எல்லைக்கட்டு
பின்புலம் – படத்தில் பொருளுக்குப் பின்னால் தெரிவது
பேறு – கிடைத்தற்குரிய நன்மை
பற்றுக்கம்பி – கொடி பற்றிப் படர உதவும் சுருள் உறுப்பு
இசைவு – ஒப்புதல்
கோட்டோவியம் – கோடுகளால் வரையும் படம்

மொழியோடு விளையாடு

மரப்பெயர்களுடன் பிற சொற்கள் சேரும்போது சில மாற்றங்கள் நிகழும். பின்வருவனவற்றைப் படித்து அறிக.

மா + தளிர் = மாந்தளிர்
வேம்பு + பூ = வேப்பம்பூ
புளி + பூ = புளியம்பூ
இலவு + பஞ்சு = இலவம்பஞ்சு

இவற்றைப்போல் சேர்த்து எழுதுக: மா + காய், வேம்பு + கொழுந்து, புளி + கொம்பு.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பூ விரியத் தொடங்கும் நிலை ______. (அரும்பு, போது, வீ)
2. தமிழர் பகுப்பின்படி மாசியும் பங்குனியும் ______. (முன்பனிக்காலம், பின்பனிக்காலம், இளவேனில்)
3. இளந்தளிரின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ______. (பச்சையம், தேன், ஆந்தோசயனின்)

ஆ. பொருத்துக.

1. புரசு – பஞ்சு
2. முள்ளிலவு – பச்சடி
3. வேம்பு – செம்புநிறத் தளிர்
4. அரசு – ஹோலி வண்ணம்

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. தில்லியின் இளவேனில் குறுகியதாக இருப்பது ஏன்?
2. உதிர்ந்த பூவின் அருகில் நாணயம் வைத்துப் படம் எடுப்பதன் பயன் யாது?
3. கூட்டின் அருகே சென்று படம் எடுத்தல் கூடாது என்பது ஏன்?
4. கியோட்டோ நகரின் பழைய பதிவுகள் இன்று எதற்குப் பயன்படுகின்றன?

ஈ. பத்து வரிகளுக்கு மிகாமல் விடையளிக்க.

1. 'இலவு காத்த கிளி' என்னும் பழமொழியை விளக்கி, ஒளிப்படக்காரரின் காத்திருப்பு அதனின்று எவ்வாறு வேறுபடுகிறது என்பதை எழுதுக.
2. 'சொல் கண்ணுக்கு வழிகாட்டுகிறது' என்னும் கருத்தைப் பாடத்தில் இல்லாத ஓர் எடுத்துக்காட்டால் நிறுவுக.

உ. படக்குறிப்பைத் திருத்தி எழுதுக.

'மரத்தில் இலை நன்றாக இருந்தது. படம் எடுத்தேன்.' இக்குறிப்பில் விடுபட்டவை யாவை? நாள், நேரம், இடம், மரத்தின் பெயர், இலையின் நிலை ஆகியவற்றைச் சேர்த்து ஐந்து தொடர்களாக எழுதுக.

ஊ. செயல்திட்டம்

உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கோ அருகில் உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் இறுதி வரை, வாரம் ஒருமுறை, ஒரே கிளையைப் படம் எடுங்கள், அல்லது வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிக் குறிப்பு எழுதுங்கள். மரத்தின் பெயரைத் தமிழிலும் நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் கேட்டறிந்து எழுதுங்கள். அப்பெயரைக் கூறியவர் தோட்டக்காரரா, கடைக்காரரா, பாட்டியா என்பதையும் மறவாமல் குறியுங்கள். தொகுப்பின் இறுதியில், உங்கள் தெருவில் இளவேனில் எந்நாளில் தொடங்கியது, எந்நாளில் முடிந்தது என்று நீங்கள் கருதுவதைச் சான்றுடன் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுங்கள்.